ஒரே லெப்பர்டு டிஸ்க், ரெண்டு பிளாஸ்டிக், ரெண்டு திசை: ஏன்?

கேன்டன் ரகு:

வணக்கம். மிச்சிகனில் கேன்டன் பக்கம் இருக்கிறேன். போன கோடையில் ஆபீஸ் நண்பர்களோடு டிஸ்க் கால்ஃப் (வட்டத் தட்டை எறிந்து சங்கிலிக் கூடைக்குள் போடும் ஆட்டம்) ஆட ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஹட்சன் மில்ஸ் மெட்ரோபார்க்கில்தான் ஆட்டம். வலது கை, பேக்ஹேண்ட். நன்றாக விழுந்தால் 230, 240 அடி போகும், அதற்கு மேல் இல்லை.

என்னிடம் இருப்பது இன்னோவா கம்பெனியின் லெப்பர்டு டிஸ்க், சாம்பியன் பிளாஸ்டிக், 172 கிராம். நண்பரிடமும் லெப்பர்டுதான், அதே 172 கிராம், ஆனால் டிஎக்ஸ் பிளாஸ்டிக். பல வருடமாக மரத்தில் அடி வாங்கியது. எண்கள் இரண்டுக்கும் ஒன்றே: 6, 5, -2, 1 (வரிசையாக ஸ்பீட், மிதக்கும் கிளைடு, முதலில் திரும்பும் டர்ன், கடைசியில் சாயும் ஃபேட்). என் டிஸ்க்கை எறிந்தால் கொஞ்ச தூரம் நேராகப் போய் இடது பக்கம் சாய்ந்து விழுகிறது. அதே இடத்தில் நின்று அவருடையதை எறிந்தால் வலது பக்கம் வளைந்து, மிதந்து, கடைசியில் நேராகி, என்னுடையதைத் தாண்டிப் போய் உட்காருகிறது. மாற்றி மாற்றி எறிந்து பார்த்தாகிவிட்டது, எப்போதும் இப்படித்தான்.

ஒரே பெயர், ஒரே எடை, ஒரே எண்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பிளாஸ்டிக் என்பது பிடிமானத்துக்கும் உழைப்புக்கும் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?


ஆஸ்டின் மீனா:

ரகு, முதலில் உங்கள் டிஸ்க்கின் மூக்கு, அதாவது முன்னால் போகும் விளிம்பு, எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று யாரையாவது பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் மூக்கைத் தூக்கித்தான் எறிகிறார்கள். மூக்கு மேலே போனால் டிஸ்க் ஏறும், வேகம் சட்டென்று செத்துவிடும், அப்புறம் எந்த டிஸ்க்காக இருந்தாலும் இடது பக்கம்தான். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே மடக்கி, சாவியைத் திருப்புகிற மாதிரி வைத்துக்கொண்டு எறிந்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எண்களையும் பிளாஸ்டிக்கையும் அப்புறம் ஆராயலாம்.


குறிச்சி செல்வம்:

தம்பி ரகு, மீனாம்மா சொன்ன மூக்கு விஷயம் முக்கியம், கண்டிப்பா வீடியோ எடுத்துப் பாருங்க. ஆனா உங்க கேள்விக்கு அது பதில் இல்லைங்க. அதே கை, அதே இடம், அதே எறி. அப்படி இருந்தும் ரெண்டு டிஸ்க் ரெண்டு பக்கம் போகுதுன்னா டிஸ்க்கைத்தான் கையில எடுத்துப் பாக்கணும்.

நான் பிளாஸ்டிக் மோல்டிங் ஆளு. குறிச்சி சிட்கோவுல மோல்டு, அதாவது அச்சு, கழட்டி மாட்டுறதுல ஆரம்பிச்ச பொழப்பு, இப்ப டெட்ராய்ட் பக்கம் கார் பார்ட்ஸ் செய்யுற இடத்துல டூலிங் (அச்சு வேலை) பாக்குறேன். இந்த ஆட்டத்துக்குள்ள வந்ததே டிஸ்க்கைப் பாத்துத்தான். முதல் தடவை ஒண்ணைக் கையில வாங்கினப்ப எறியணும்னே தோணலை, மோல்டோட ரெண்டு பாதி சேர்ற பார்ட்டிங் லைன் எங்க ஓடுதுன்னுதான் தேடினேன். அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

டிஸ்க் ஏன் முதல்ல வலது, அப்புறம் இடதுன்னு போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். காத்து டிஸ்க்கைத் தூக்குற விசை நட்டநடுவுல விழுறதில்லை. வேகமாப் போகும்போது அது மையத்துக்குப் பின்னால விழும். பின்பக்கம் தூக்கும், மூக்கு இறங்கப் பாக்கும். வேகம் குறைஞ்சு டிஸ்க் கீழ வர ஆரம்பிச்சதும் காத்து அடியில இருந்து மோதுற கோணம் கூடும். அப்ப விசை மையத்துக்கு முன்னால நகர்ந்திடும், மூக்கு எழும்பப் பாக்கும். டிஸ்க் சுத்தாம இருந்தா அப்படியே குப்புற விழுந்திருக்கும், இல்லாட்டி மல்லாந்திருக்கும். ஆனா அது சுத்துது. சுத்துற பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினா அது தட்டின பக்கம் சாயாது, கால் சுத்து தள்ளித்தான் சாயும், பாத்திருப்பீங்க. வலது கை பேக்ஹேண்டுல எறிஞ்சா டிஸ்க் மேல இருந்து பாக்க கடிகார முள் போற திசையில சுத்தும். மூக்கை இறக்குற விசை கால் சுத்து தள்ளி வலது விளிம்பை இறக்கும், டிஸ்க் வலது பக்கம் போகும். இதுதான் டர்ன். மூக்கைத் தூக்குற விசை வலது விளிம்பைத் தூக்கும், டிஸ்க் இடது பக்கம் சாயும். இதுதான் ஃபேட். ஃபோர்ஹேண்டுல எறிஞ்சா சுத்து மாறும், எல்லாம் தலைகீழ்.

டிஸ்க் டிசைன்னா பெரும்பகுதி இந்த விசை எப்ப பின்னால இருக்கணும், எப்ப முன்னால வரணும்னு விளிம்பை வச்சுத் தீர்மானிக்கிறதுதான். ஆரம்பத்துல ஆடினதெல்லாம் உருண்ட விளிம்பு வச்ச ஃபிரிஸ்பீ. ஃபிரிஸ்பீ செஞ்ச வாம்-ஓ கம்பெனியில இருந்த எட் ஹெட்ரிக் மேல்பக்கம் வளையம் வளையமா கோடு போட்டு அதை நிதானமாப் பறக்க வச்சாரு, 1967-ல பேட்டன்ட் கிடைச்சது. 1975-ல கலிபோர்னியாவுல ஓக் குரோவ் பார்க்குல டிஸ்க் கால்ஃப் கோர்ஸ் (ஆடுற மைதானம்) போட்டதும் அவர்தான். ஆனா ஆட்டத்தையே மாத்தினது 1983-ல டேவ் டுனிபேஸ் கொண்டு வந்த ஈகிள்ங்குற டிஸ்க். விளிம்பை உருட்டாம சாய்வா சீவி, காத்தைக் கிழிக்குற மாதிரி ஒரு மூக்கு வச்சாரு. இன்னிக்குக் கடையில இருக்குற அத்தனை டிரைவரும் (தூரம் எறியுற டிஸ்க்) அந்தச் சாய்வோட வாரிசுங்கதான். அவரு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னோவா. நாம பேசுற நாலு எண்களும் அங்க இருந்து வந்தது.

அந்த நாலு எண்ணையும் பிடிஜிஏ, அதாவது இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்குற சங்கம், அளந்து கொடுக்குறதில்லைங்க. அவங்க பாக்குறது விட்டம், எடை, விளிம்பு அகலம், விளிம்பு ஆழம், வளையுற தன்மை, மூக்கோட கூர்மை, இந்த மாதிரி அளவுங்கதான். விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. விளிம்பு 2.6 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. எடை விட்டத்துல ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரைக்கும், எப்படியும் 200-ஐத் தாண்டக்கூடாது. டிரைவரெல்லாம் 175 கிராமோட ஏன் நிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 21.1 சென்டிமீட்டரை 8.3-ஆல பெருக்கிப் பாருங்க. டிஸ்க்ராஃப்ட் கம்பெனியோட பஸ்ங்குற டிஸ்க் கொஞ்சம் அகலம், 21.7, அதனால 180 வரைக்கும் வருது. ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட் மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் தானா எழுதுறது. மோல்டைப் பத்தின பொதுவான கணிப்பு அது. உங்க கையில இருக்குற குறிப்பிட்ட டிஸ்க்கைப் பத்தி யாரும் அளந்து எழுதலை.

இப்ப பிளாஸ்டிக்குக்கு வர்றேன், எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கலவை என்னன்னு கம்பெனிக்காரங்க வெளிய சொல்றதில்லை. ஆனா சாம்பியன், ஸ்டார், டிஸ்க்ராஃப்ட்டோட ஸீ, இஎஸ்பி இதெல்லாம் பாலியூரித்தேன் குடும்பம். டிஎக்ஸ் அதைவிட மலிவான, சீக்கிரம் தேயுற வேற கலவை. ஒரே மோல்டுல ரெண்டையும் அடிச்சா ரெண்டும் ஒரே உருவத்துல வெளிய வராது. மோல்டை விட்டு வரும்போது ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவு சுருங்கும். டிஸ்க்குல இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏன்னா நடுத்தட்டு ரெண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு மெல்லிசு, விளிம்பு கனம். மோல்டிங்குல எங்க வாத்தியார் முதல் நாளே சொல்ற பாடம், கனமும் மெல்லிசும் பக்கத்துல பக்கத்துல வைக்காதேன்னுதான். டிஸ்க்குல அதைத் தவிர்க்கவே முடியாது. மெல்லிசு தட்டு சீக்கிரம் ஆறிக் கெட்டியாயிடும். கனத்த விளிம்பு உள்ள சூடாவே இருந்து, கடைசியா ஆறிச் சுருங்கும். விளிம்பு வட்டம் சுருங்கும்போது தட்டுக்குப் போக இடமில்லை, மேல உப்பும். அதுதான் டோம். கூலிங் டைம் சில நொடி மாறினாலே, டிஸ்க்கைச் சூடா எடுத்து எப்படி அடுக்கி வச்சாங்கன்றது மாறினாலே, டோம் மாறும், அதோட சேர்ந்து மூக்கோட உயரமும் (டிஸ்க்கை மட்டமா வச்சா விளிம்பு முனை இருக்குற உயரம்) மாறும். டோம் இருந்தா மிதப்பு கூடும். மூக்கு உயர்ந்தா தூக்குற விசை சீக்கிரமே முன்னால வந்திடும், டிஸ்க் இடதுக்கு இழுக்கும்.

அதனால ஒரே மோல்டுல சாம்பியன் பொதுவா டிஎக்ஸைவிட ஓவர்ஸ்டேபிளாத்தான், அதாவது இடதுக்கு அதிகம் இழுக்குற மாதிரிதான், வரும். இது உங்க ரெண்டு டிஸ்க்குக்கும் புதுசா இருந்தப்பவே இருந்திருக்கக்கூடிய வித்தியாசம். அதுக்கு மேல உங்க நண்பரோடது பல வருஷம் அடி வாங்கினது. டிஎக்ஸ் மரத்துல மோதுற ஒவ்வொரு தடவையும் மூக்கு கொஞ்சம் நசுங்கி, உருண்டு, கீழ இறங்கும். மூக்கு இறங்க இறங்க டர்ன் கூடும், ஃபேட் குறையும். பழைய ஆளுங்க ராக்குன்னு ஒரு டிஸ்க்கை டிஎக்ஸ்ல வாங்கிப் பழக்கி எடுத்து, புதுசு, பாதிப் பழசு, முழுப் பழசுன்னு மூணு நாலு டிஸ்க்கைப் பையில வச்சிருப்பாங்க. ஒரே டிஸ்க்கு, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு. சாம்பியன்ல அந்தப் பழக்கம் வர்றதுக்கு வருஷக்கணக்காகும்.

வீட்டுலயே சோதிச்சுப் பாருங்க. சமையலறைக் கல்மேடை மாதிரி மட்டமான இடத்துல ரெண்டு டிஸ்க்கையும் பக்கத்துல பக்கத்துல நேரா வைங்க. குனிஞ்சு கண்ணை மேடை மட்டத்துக்குக் கொண்டு வாங்க, பின்னால ஜன்னல் வெளிச்சம் இருந்தா நல்லது. விளிம்போட வெளிக்கோடு எந்த உயரத்துல முனையாகுதுன்னு பாருங்க. அப்புறம் விரல் நகத்தை மூக்குல மேல இருந்து கீழ ஓட்டுங்க. புது டிஸ்க்குல மோல்டோட ரெண்டு பாதி சேர்ற இடம் மெல்லிய கோடா நகத்துல தட்டும். பழைய டிஎக்ஸ்ல அது தேஞ்சு போயிருக்கும். சாம்பியன்ல அந்தக் கோட்டுல ஃப்ளாஷ் (பிதுங்கின பிளாஸ்டிக்) நீட்டிக்கிட்டு விரலை அறுக்குதுன்னா நைஸான உப்புத்தாளால லேசா தடவலாம், விதி அதை அனுமதிக்குது. பறக்குற தன்மையே மாறுற மாதிரி சீவுறதுதான் கூடாது.


கேன்டன் ரகு:

செல்வம் அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று இரவே இரண்டையும் மேடையில் வைத்துப் பார்த்தேன். என் சாம்பியனின் மூக்கு தெளிவாக உயரத்தில் இருக்கிறது, கோடும் நகத்தில் தட்டுகிறது. நண்பருடைய டிஎக்ஸில் மூக்கு என்று ஒரு முனையே இல்லை, உருண்டு கீழே இறங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் மரப்பட்டை அழுத்திய பள்ளம்கூட இருக்கிறது. தட்டும் என்னுடையதைவிட உப்பலாக இருக்கிறது.

மீனா, வீடியோவும் எடுத்தோம். மூக்கு கொஞ்சம் தூக்கித்தான் போகிறது, நீங்கள் சொன்னதுபோல மணிக்கட்டைப் பயிற்சி செய்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, கடையில் ஒரே டிஸ்க்கின் நிறம் மாறினாலே பறப்பது மாறும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? இரண்டாவது, எல்லோரும் டெஸ்ட்ராயர் என்ற டிரைவரை வாங்கச் சொல்கிறார்கள், தூரம் கூடும் என்று. வாங்கலாமா?


டென்வர் அன்பு:

எங்கள் ஊரிலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிவு. இங்கே எல்லா டிஸ்க்கும் எழுதியிருப்பதைவிட ஓவர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். ஹூஸ்டனில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் அதே டிஸ்க்கை எறிந்தால் வலது பக்கம் அதிகம் திரும்புகிறது. எதிர்காற்றிலும் அப்படித்தான், நேராகப் போவது எல்லாம் வலப்பக்கம் புரளும். எண்களை இடத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.


குறிச்சி செல்வம்:

அன்பு சொன்னது சரிங்க. நான் இதே மிச்சிகன்ல சமவெளியிலயே ஆடுறவன், அதனால எழுத விட்டுப் போச்சு.

நிறம் பத்தி: அடியோட பொய்னு ஒதுக்க மாட்டேன். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக்குல தாலோ நீலம், தாலோ பச்சைன்னு சொல்ற சில நிறமிங்க, ஆறும்போது உள்ள படிகம் உருவாகுறதை வேகப்படுத்தி சுருக்கத்தை மாத்தும். மூடி, டப்பா செய்யுறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். வெள்ளையில சரியா உக்காந்த மூடி நீலத்துல இறுக்கும் இல்லாட்டி கோணும். பாலியூரித்தேன்ல அதே அளவு இருக்கும்னு சொல்ல மாட்டேன். நிறத்தை வச்சு டிஸ்க் வாங்க வேண்டாம். கையில எடுத்து டோமையும் மூக்கையும் பாத்து வாங்குங்க, நிறத்தால வந்த மாற்றமானாலும் சரி, கூலிங்கால வந்ததானாலும் சரி, அங்க தெரிஞ்சிடும்.

பிளாஸ்டிக்குல இன்னும் ரெண்டு வித்தை சொல்லணும், எனக்கு ஆசையா இருக்கு. இன்னோவாவோட பிளிஸார்டு சாம்பியன்ல உள்ள பொடிப்பொடியா காத்துக் குமிழி இருக்கும். வெளிச்சத்துல பிடிச்சா கண்ணுக்கே தெரியும். அகல விளிம்பு டிரைவரை 150 கிராமுக்குக் கீழ அடிக்க முடிஞ்சது அதனாலதான், இல்லாட்டி அந்த விளிம்புல போற பிளாஸ்டிக் எடையே அதிகம். இன்னொண்ணு நம்ம மிச்சிகன்லயே எம்விபி கம்பெனி செய்யுறது. நடுவுல ஒரு பிளாஸ்டிக், விளிம்பைச் சுத்தி அதைவிட அடர்த்தியான இன்னொரு பிளாஸ்டிக், ரெண்டு ஷாட்ல ஓவர்மோல்டு, அதாவது ஒண்ணை அடிச்சு அது மேலயே இன்னொண்ணை அடிக்கிறது. எடை வெளிப்பக்கம் தள்ளிப் போறதால சுத்து சீக்கிரம் குறையாது. ரெண்டு பிளாஸ்டிக்கும் பிரியாம ஒட்டணும், ரெண்டும் சுருங்குற அளவு ஒத்துப் போகணும். டூலிங் பாக்குறவன் கண்ணோட சொல்றேன், அந்த விளிம்புல நகம் தட்டாம சேர்த்திருக்காங்களே, அது லேசுப்பட்ட வேலை இல்லை. கடைக்குப் போனா ஒண்ணைத் தொட்டுப் பாருங்க.

டெஸ்ட்ராயர் வேண்டாம் தம்பி. 12, 5, -1, 3. அந்த 12 என்ன சொல்லுதுன்னா, இந்த விளிம்பு இவ்வளவு வேகத்துல பறந்தாத்தான் எழுதின மாதிரி நடக்கும்ங்குறது. 240 அடி எறியுற கையில அதுக்கு அந்த வேகம் கிடைக்காது. விசை பின்னால போற கட்டமே வராது, கையை விட்டதும் நேரா ஃபேட்தான். டர்னே இல்லாம அந்த 3 மட்டும் உங்களுக்குக் கிடைக்கும். இப்ப சாம்பியன் லெப்பர்டுல நடக்குறது இதோட சின்ன அளவுதான். புது டிஎக்ஸ் லெப்பர்டு ஒண்ணு வாங்குங்க, 165 கிராம் பக்கம். கூட ஒரு பஸ் இல்லாட்டி மாக்கோ3, ரெண்டும் ஸ்பீட் 5. மாக்கோவுக்கு டர்னும் பூஜ்யம், ஃபேடும் பூஜ்யம், அதனால கை கோணினா உடனே காட்டிக் கொடுக்கும். சாம்பியன் லெப்பர்டை விக்காதீங்க. எதிர்காத்து அடிக்குற நாள்ல அதுதான் உங்களுக்கு நேராப் போகும்.


ஆஸ்டின் மீனா:

புட்டர் (கூடைக்குப் பக்கத்தில் வந்து உள்ளே போடும் டிஸ்க்) பிளாஸ்டிக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரகு, அதில் மட்டும் விலை உயர்ந்த வழுக்கல் பிளாஸ்டிக் வேண்டாம். கூடைச் சங்கிலியில் பட்டால் பிடித்துக்கொள்ளும் மலிவான பேஸ் பிளாஸ்டிக்தான் எனக்குச் சரிப்படுகிறது. மிருதுவாக வேண்டுமா, கெட்டியாக வேண்டுமா என்பது கையைப் பொறுத்தது. கெட்டி பிடிக்கும் என்றால் கேசி ப்ரோ ஏவியார் என்ற புட்டரைப் பாருங்கள், அடி விளிம்பில் புடைத்த ஒரு கோடு இருக்கும், விரல் அதில் பதியும். எனக்கு அந்தக் கோடு உறுத்தும், அதனால் கோடு இல்லாத ஏவியார்தான். ஒரே மாதிரி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக் கூடத்தில் எறிந்து பழகவும் உதவும்.


கேன்டன் ரகு:

வாங்கிவிட்டேன்: டிஎக்ஸ் லெப்பர்டு 166 கிராம், மாக்கோ3, ஏவியார் இரண்டு. கடையில் ஐந்தாறு லெப்பர்டை வரிசையாகக் கவுன்டரில் வைத்துக் குனிந்து பார்த்தேன். மூக்கு உயரம் ஒன்றுக்கொன்று மாறித்தான் இருந்தது. இருப்பதில் தாழ்ந்ததை எடுத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: குளிர்காலத்திலும் ஆடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த பிளாஸ்டிக் தாங்குமா?


குறிச்சி செல்வம்:

தாங்கும், ஆனா குளிர்ல எல்லா பிளாஸ்டிக்கும் விறைக்கும். டிஎக்ஸ் கடுங்குளிர்ல மரத்துல வேகமா மோதினா விளிம்பு விண்டு போகலாம், அதை அப்ப வெளிய எடுக்காதீங்க. சாம்பியன் அவ்வளவு லேசுல உடையாது, ஆனா கண்ணாடி மாதிரி வழுக்கும், விரல் மரத்துப் போனா பிடியே கிடைக்காது. ஜிஸ்டார்னு இன்னோவாவோட இன்னொரு பிளாஸ்டிக், குளிர்லயும் வளைஞ்சு கொடுக்கும், பிடியும் இருக்கும். குளிர்காலத்துக்குன்னு ஒரு ஜிஸ்டார் மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்) போதும். பையைக் கார் டிக்கியில ராத்திரி விட்டுடாதீங்க, வீட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போங்க. புதுப் பனியில விழுந்தா டிஸ்க் சொருகிக்கிட்டு உள்ள போயிடும், மேல ஒரு கீறல்தான் தெரியும். அடிப்பக்கம் நடுவுல ஒரு முழ ரிப்பன் டேப் போட்டு ஒட்டிடுங்க, அது பனிக்கு மேல வால் மாதிரி கிடக்கும், கண்டுபிடிச்சிடலாம். ரிப்பன் பறக்குறதைக் கொஞ்சம் கெடுக்கும், பரவாயில்லை. ஹட்சன் மில்ஸ்ல ஜனவரியிலயும் ஆளுங்க ஆடுறாங்க. வர்றதுன்னா இங்கயே ஒரு வரி எழுதுங்க, ரெண்டு மூணு பேரு சேர்ந்தே போலாம்.